பத்தாம் வகுப்பு விசை–திணிவுப் பரிசோதனை: சரியான அளவீடு வரச் செய்வது எப்படி

நியூட்டனின் இரண்டாம் விதியைப் பத்தாம் வகுப்புக்கு முதன்முதல் செய்து காட்டிய அன்று, விசையை இரண்டு மடங்காக்கினேன். ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், மூன்று மடங்கானது. மேசையில் ஒரு சில்லு வண்டி; அதில் கட்டிய நூல் நுனியில் உள்ள கப்பிக்கு மேலாகப் போய்த் தொங்கும்; நூலில் கொழுவிய பாரம் வண்டியை இழுக்கும். 10 கிராம் தொங்கவிட்டபோது வண்டி 60 சென்ரிமீற்றர் ஓட 3.4 செக்கன் எடுத்தது. 20 கிராமுக்கு 2.0 செக்கன். கணக்குப் போட்டுப் பார்த்த முன்வரிசைப் பிள்ளை எழும்பி, "ரெண்டு மடங்குதானே வரணும் டீச்சர், மூணு மடங்கு வருதே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மணியும் அடித்துவிட்டது.

மறுநாள் கொப்பிகளைத் திருத்த எடுத்தால், எல்லாக் கொப்பியிலும் விடை சரியாக இருந்தது. பிள்ளைகள் தாங்கள் அளந்ததை அழித்துவிட்டு, பாடநூலுக்குப் பொருந்தும் எண்களை எழுதியிருந்தார்கள். கேள்வி கேட்ட பிள்ளையும் அப்படித்தான் எழுதியிருந்தாள். பரிசோதனை பிழைத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம், பாடசாலை விட்ட பின்னும் சனிக்கிழமைகளிலும் இதோடு மல்லுக்கட்டிச் சரியாக்கினேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வரும் விஞ்ஞான ஆசிரியர்களுக்காகவும், வீட்டில் பிள்ளைகளோடு செய்துபார்க்க விரும்பும் பெற்றோருக்காகவும் அந்த வழியை எழுதுகிறேன். நீங்கள் இரண்டு மாதம் இழக்க வேண்டியதில்லை. பொருட்கள் கையில் இருந்தால் இரண்டு பின்னேரங்கள் போதும்.

1. முதலில் சொற்களைச் சரிசெய்யுங்கள்

இதை ஏன் முதலாவதாக வைக்கிறேன் என்றால், என் வகுப்பில் பாதிக் குழப்பம் இங்கேதான் இருந்தது. பிள்ளைகள் கைபேசியில் தமிழ்நாட்டு விளக்கக் காணொளிகளைப் பார்க்கிறார்கள். நல்ல காணொளிகள்தான். ஆனால் அங்கே "நிறை" என்றால் நம்முடைய திணிவு, அதாவது பொருளில் உள்ள சடத்தின் அளவு. நம் பாடநூலில் "நிறை" என்றால் புவி அந்தப் பொருளை இழுக்கும் விசை. அதை அங்கே "எடை" என்கிறார்கள். நம்முடைய ஆர்முடுகல் அங்கே முடுக்கம். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதால் பிள்ளை எழுதிய வாக்கியம் சரியா பிழையா என்று நமக்கே தெரியாமல் போகும்.

பலகையின் ஓரத்தில் இப்படி எழுதி வையுங்கள்: திணிவு கிலோகிராமில், நிறை நியூட்டனில், ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் எத்தனை மீற்றர் என்பதில். 1 கிலோகிராம் திணிவுக்கு, செக்கனுக்குச் செக்கன் 1 மீற்றர் ஆர்முடுகலைக் கொடுக்கிற விசை 1 நியூட்டன். பரிசோதனை முடியும்வரை அதை அழிக்க விடாதீர்கள்.

இன்னொன்று. வகுப்பில் கணக்குக்கு ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கிறோம். பரிசோதனைக்கு 9.8 என்று எடுங்கள். மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் மட்டக்களப்பில் உண்மையில் அது 9.78 அளவுதான். 10 என்று எடுத்தால் தொடங்கும்போதே நூற்றுக்கு இரண்டு பிழை.

2. கடிதங்கள், பதிவேடுகள்

துரொல்லியும் (பரிசோதனைச் சில்லு வண்டி) கப்பியும் பெரிய பாடசாலை ஒன்றில் இரவல் வாங்கலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். நீங்களும் முதலில் அதைத்தான் நினைப்பீர்கள். கேட்பதானால் கடிதத்தில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: உங்கள் அதிபரின் ஒப்பமும் முத்திரையும், பொருட்களின் பெயரும் எண்ணிக்கையும், எடுக்கும் திகதி, திருப்பிக் கொடுக்கும் திகதி, பொறுப்பாளர் பெயர். இரண்டு பிரதி கொண்டுபோங்கள்; ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுவித்து உங்களிடம் வைத்திருங்கள்.

பொருட்களைத் தனித்தனியாக எழுதுவது மிக முக்கியம். நான் "துரொல்லி 1" என்று மட்டும் எழுதியிருந்தேன். கப்பியும், அதை மேசையில் பூட்டும் கவ்வியும் வேறு பொருட்கள், கடிதத்தில் இல்லாததைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை, பதிவேட்டுக்கு அவர்கள்தானே பொறுப்பு. திரும்பப் போய்க் கடிதம் மாற்றி வந்தபோது அதிபர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் தரம் போனபோது துரொல்லி கிடைத்தது. ஒரு சில்லு சுற்றவில்லை. மூன்று கிழமை போய்விட்டது. ஆகவே என் யோசனை: இரவல் கடிதத்தை நம்பியிருக்க வேண்டாம், நீங்களே செய்யுங்கள்.

அப்படிச் செய்வதற்கும் கடதாசி வேலை உண்டு. பாடசாலையின் தர உள்ளீட்டுப் பணத்தில் (கற்பித்தல் பொருட்கள் வாங்கப் பாடசாலைக்குக் கிடைக்கும் பணம்) வாங்கப் போகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன்னமே அதிபரிடம் கேளுங்கள். வாங்கிவிட்டுக் கேட்டால் காசு உங்கள் கையால்தான் போகும். கடையில் பற்றுச்சீட்டைப் பாடசாலையின் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாத சீட்டைக் கொண்டுவந்து பின்னர் மாற்றுவதற்கு மறுபடி பஸ் ஏறி இறங்க வேண்டும். சின்னப் பட்டறைகளில் அச்சடித்த சீட்டு இருக்காது. ஒரு தாளில் பொருள், தொகை, திகதி எழுதி ஒப்பம் வாங்குங்கள், அது போதுமா என்று முன்கூட்டியே அதிபரிடம் உறுதிப்படுத்தி வையுங்கள்.

3. பொருட்களும் செலவும்

பெயரிங் 5. சைக்கிள் கடையிலோ மோட்டார் உதிரிப்பாகக் கடையிலோ "608" என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உள் துளை 8 மில்லிமீற்றர், வெளி விட்டம் 22, தடிப்பு 7. பிள்ளைகள் விரலில் சுழற்றும் ஸ்பின்னர் பலவற்றின் நடுவிலும் இதுவேதான் இருக்கும், பழையது கிடந்தால் கழற்றலாம். றபர் மூடி போட்டது வேண்டாம், அது உரசும். தகர மூடி போட்டதை எடுங்கள்.

8 மில்லிமீற்றர் திருகுக் கம்பி கால் மீற்றர், அதற்கு நட்டும் வாசரும். 20க்கு 8 சென்ரிமீற்றர் மரத்துண்டு. இவை எந்த ஹாட்வெயாரிலும் உண்டு. காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ எது உங்களுக்கு வழியோ அங்கே வாங்குங்கள்.

ஓடுதளத்துக்கு ஒன்றரை மீற்றர் நீள மெலமைன் பலகை. காசு கொடுத்து முழுப் பலகை வாங்காதீர்கள். சமையலறை அலுமாரி செய்யும் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய நீளத் துண்டுகள் கிடக்கும். எனக்குக் காத்தான்குடியில் ஒரு பட்டறைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்போம், எதற்கு என்று கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கெண்டா சும்மா எடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்று நல்ல நேரான துண்டாகத் தேடிப் பொறுக்கித் தந்தார். வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் நீள ஓரத்தைப் பாருங்கள். நடுவில் தொய்ந்த பலகை வேண்டாம்.

நூலுக்குத் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) எடுக்காதீர்கள். கம்பிச்சுருள் போலச் சுருண்டு நிற்கும், 10 கிராம் பாரம் அதை நேராக்காது. வலை பின்னும் மெல்லிய நூல் நல்லது.

பாரத்துக்கு மணல். கல்லடிக் கடற்கரையிலோ வேறெங்கோ எடுத்தாலும் நன்றாகக் காயவிட்டு அரித்து எடுங்கள். ஈர மணலை நிறுத்துப் பொட்டலம் கட்டினால் நாளாக ஆகத் திணிவு குறைந்துகொண்டே போகும். 10 கிராம் பொட்டலங்கள் நான்கும் 135 கிராம் அளவில் ஒன்றும் வேண்டும். சமையலறைத் தராசு 10 கிராமுக்கு உதவாது. ஒரு கிராம் கூடக் குறையக் காட்டினாலே பத்து வீதம் பிழை. நகைக்கடைக்குக் கொண்டுபோங்கள். கூட்டமில்லாத நேரம் பார்த்து, பாடசாலை விஷயம் என்று சொல்லிக் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். என்னிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. பொட்டலத்தைக் கொழுவ வளைத்த பேப்பர் கிளிப் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும், அதையும் சேர்த்து நிறுங்கள். முதல் பொட்டலத்தில் மணலை அந்த அளவு குறைத்துவிடுங்கள்.

திணிவைக் கூட்ட, அரைக் கிலோ சீனிப் பைக்கற்றுகள் மூன்று. முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும், செலவில்லை. அவற்றையும் ஒருதரம் நிறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெயரிங், கம்பி, நட்டு, நூல், வரைபுத்தாள், போட்டோக் கொப்பி எல்லாமாக 1,800 ரூபாய்க்குள் முடிந்தது. விலை மாறிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் கூடவே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. வண்டியும் கப்பியும்

மரத்துண்டின் இரு பக்கத்துக்கும் குறுக்காக 8 மில்லிமீற்றர் துளை இரண்டு போட்டு, கம்பியை இரண்டாக வெட்டிச் செருகுங்கள். நான்கு நுனியிலும் பெயரிங்கைப் பூட்டுங்கள், அதுவே சில்லு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நட்டை நேரே பெயரிங்கில் இறுக்கினால் அது உள் வளையத்தைத் தாண்டி மூடியிலும் உரசலாம், சில்லு தடையில்லாமல் சுற்றாது. உள் வளையத்தை மட்டும் தொடுகிற சின்ன வாசர் ஒன்றை நடுவில் போட்டு இறுக்குங்கள்.

பூட்டுவதற்கு முன் பெயரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். புதிய பெயரிங்கில் தடித்த கிறீஸ் அடைத்திருக்கும். மோட்டாருக்கு அது தேவை, நமக்கு அது தடை. விரலால் சுண்டிவிட்டால் புதியது அரைச் சுற்றில் நின்றுவிடும். கழுவிக் காயவிட்டது சுற்றிக்கொண்டே இருக்கும். நான் கழுவாமல் பூட்டி, கழுவிப் பூட்டி இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். அரை மணித்தியால வேலை இது, விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது பெயரிங் கப்பி. அதில் நூல் நிற்கத் தவாளிப்பு இல்லாததால், ஐஸ்கிறீம் டப்பா மூடியில் பெயரிங்கைவிடச் சற்றுப் பெரிய வட்டம் இரண்டு வெட்டி, வெளி வளையத்தின் இரு பக்கமும் ஒட்டுங்கள். பலகையின் நுனியில், நூல் பலகைக்குச் சமாந்தரமாகப் போகும் உயரத்தில் பூட்டுங்கள். நூல் மேல்நோக்கிப் போனால் வண்டியைக் கொஞ்சம் தூக்கும். கீழ்நோக்கிப் போனால் அமுக்கும்.

என் வண்டி 325 கிராம் வந்தது. உங்களுடையது வேறாக இருக்கும். வண்டி, நான்கு சின்னப் பொட்டலம், ஒரு பெரிய பொட்டலம் எல்லாம் சேர்ந்து சரியாக 500 கிராம் வருமாறு பெரிய பொட்டலத்தில் மணலைக் கூட்டிக் குறையுங்கள். இது கணக்கை மிகவும் இலகுவாக்கும்.

5. உராய்வை ஈடுசெய்யுங்கள்

அன்று வகுப்பில் என்னை விழுத்தியது இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

500 கிராம் வண்டி நல்ல சில்லோடு ஓடும்போதும், அதன் நிறையில் நூறில் ஒரு பங்கு உராய்வாகப் போகும் என்று வையுங்கள். அது 0.05 நியூட்டன். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் நாம் தொங்கவிடும் 10 கிராமின் இழுவையே 0.098 நியூட்டன்தான். அதில் பாதி உராய்வுக்குப் போய்விட, மிச்சப் பாதிதான் வண்டியை ஆர்முடுக்குகிறது. 20 கிராம் தொங்கவிட்டால் இழுவை 0.196, அதே 0.05 போக மிஞ்சுவது ஏறத்தாழ 0.15. இப்போது பாருங்கள்: நாங்கள் இரட்டித்தோம் என்று நினைத்த விசை, உண்மையில் 0.05 இலிருந்து 0.15 ஆகியிருக்கிறது. மூன்று மடங்கு. அந்தப் பிள்ளை அளந்தது அச்சொட்டான உண்மை. விதியும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. விளையுள் விசை (எதிர்விசைகளைக் கழித்து மிஞ்சும் விசை) என்பதற்குப் பதிலாக நான்தான் தொங்கும் பாரத்தின் நிறையை எழுதியிருந்தேன்.

இதைச் சரிசெய்ய, பலகையின் கப்பி இல்லாத நுனியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். சரிவில் வண்டியை இழுக்கும் புவியீர்ப்பின் பங்கு உராய்வுக்குச் சமமாகிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு நூல் இழுக்கிற விசை மட்டும்தான் மிச்சம்.

எவ்வளவு உயர்த்துவது? நூலைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையில் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் நான்கு கோடு போடுங்கள். நுனிக்குக் கீழே பழைய பயிற்சிக் கொப்பிகளை ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொரு கொப்பிக்கும் வண்டியை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். கொப்பி குறைவென்றால் வண்டி போகப் போகத் தளரும். கூடிவிட்டால் வேகம் எடுக்கும். மூன்று இடைவெளியையும் ஒரே நேரத்தில் கடந்தால் சரி. ஒன்றரை மீற்றர்ப் பலகைக்கு எனக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டி வந்தது. கொப்பியால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைசிச் சின்னத் திருத்தத்துக்குத் தனித் தாள்களைச் செருகினேன்.

இதில் எல்லாரும் விடுகிற பிழை ஒன்று. வண்டி தானாக நகரத் தொடங்கும்வரை உயர்த்துவது. அப்படிச் செய்தால் கூடிவிடும். நிற்கிற வண்டியை அசைக்கத் தேவையான விசை, ஓடுகிற வண்டியின் உராய்வைவிடக் கூட. கட்டாயம் தட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். ஒரு மணல் துணிக்கை சில்லுக்குக் கீழே போனாலும் நீங்கள் செய்த ஈடு போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பலகையைக் காய்ந்த துணியால் துடைக்க ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். மேசையை யாரும் தள்ளிவிட்டால் ஈடுசெய்தலைத் திரும்பப் பாருங்கள். நிலம் எல்லா இடத்திலும் மட்டமாக இருக்காது.

6. விசையை மாற்றுங்கள், திணிவை மாற்ற விடாதீர்கள்

வண்டியின் மேல் நான்கு சின்னப் பொட்டலங்களும் இருக்கட்டும். முதலாவதை எடுத்து நூலில் கொழுவுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு வண்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொழுவுங்கள். அப்படியே நான்கு வரைக்கும்.

ஏன் வண்டியிலிருந்து எடுக்க வேண்டும், பெட்டியிலிருந்து எடுத்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். தொங்குகிற பொட்டலமும் வண்டியோடு சேர்ந்துதான் ஆர்முடுகுகிறது. இழுக்கப்படும் திணிவு என்பது வண்டியும் பொட்டலமும் சேர்ந்த மொத்தம். வெளியிலிருந்து சேர்த்தால் விசையோடு திணிவும் கூடிவிடும், இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால் எது எதைச் செய்தது என்று சொல்ல முடியாது. வண்டியிலிருந்து கொக்கிக்கு மாற்றினால் மொத்தம் எப்போதும் 500 கிராம்தான்.

ஓட்டத் தூரம் 60 சென்ரிமீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். நேரம் கூட வந்தால் அளக்கச் சுகம் என்று நான் ஒருமுறை ஒரு மீற்றராக்கினேன். மேசை உயரம் 75 சென்ரிமீற்றர். பொட்டலம் நிலத்தில் தொட்ட பிறகு இழுக்க ஒன்றுமில்லை. வண்டி மிச்சத் தூரத்தை மாறாத வேகத்தில் ஓடியது. ஒரு கிழமை அளவீடுகள் வீணாயின. முதலில் உங்கள் மேசையை அளந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் 60 சென்ரிமீற்றருக்கு வர வேண்டிய நேரங்கள் இவை: 10 கிராமுக்கு 2.47 செக்கன், 20 கிராமுக்கு 1.75, 30 கிராமுக்கு 1.43, 40 கிராமுக்கு 1.24. ஓய்விலிருந்து புறப்படுவதால், தூரத்தின் இரண்டு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆர்முடுகல் வரும். 10 கிராமுக்கு 0.196, 40 கிராமுக்கு 0.784. விசை நான்கு மடங்கு, ஆர்முடுகல் நான்கு மடங்கு, நேரம் பாதி. இந்த எண்களைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டாதீர்கள். உங்கள் கொப்பியில் வைத்து, பரிசோதனை எங்கே விலகுகிறது என்று பார்க்க மட்டும் பாவியுங்கள்.

வண்டியைக் கையால் பிடித்து விடுவதும் வேண்டாம். விடும்போது கை கொஞ்சம் தள்ளிவிடும். முன்னால் ஒரு அடிமட்டத்தைக் குறுக்காக நிறுத்தி, அதை நேராக மேலே தூக்குங்கள்.

7. நேரம் எடுப்பது

கையால் நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கினால் 0.2 செக்கன் அளவில் பிழை வருவது சாதாரணம். 1.24 செக்கனில் 0.2 என்பது பதினாறு வீதம். நேரத்தின் வர்க்கத்தால் வகுப்பதால் ஆர்முடுகலில் அது இரண்டு மடங்காகி முப்பது வீதத்தைத் தாண்டும். இதில் எந்த விதியையும் நிறுவ முடியாது.

கைபேசியில் காணொளி எடுங்கள். பெரும்பாலான கைபேசிகள் செக்கனுக்கு 30 படம் எடுக்கும். அடிமட்டம் எழும்புகிற படத்திலிருந்து வண்டியின் முன்விளிம்பு 60 சென்ரிமீற்றர்க் கோட்டைத் தொடுகிற படம்வரை எண்ணி, 30 ஆல் வகுங்கள். 20 கிராமுக்கு 52 அல்லது 53 படம் வரும். கணினியில் வீ.எல்.சி இருந்தால் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்த அழுத்த ஒவ்வொரு படமாக நகரும். கைபேசியை கதிரை ஒன்றில் செங்கல் சாத்தி அசையாமல் வையுங்கள், பலகை முழுதும் தெரியட்டும். மங்கலான அறையில் சில கைபேசிகள் தாமாகவே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். வெளிச்சமான ஜன்னலுக்குப் பக்கத்தில் எடுங்கள். சரிபார்க்க, ஒரு கடிகாரத்தைப் பத்துச் செக்கன் எடுத்து 300 படம் வருகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பாரத்துக்கும் மூன்று ஓட்டம். ஒன்று மட்டும் தூரத்தில் விலகி நின்றால் அழிக்க வேண்டாம். குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் "நூல் சிக்கியது" என்றோ "காரணம் தெரியாது" என்றோ எழுதச் சொல்லுங்கள். நான் கொப்பிகளில் இதற்குத் தனிப் புள்ளியே கொடுக்கிறேன்.

8. இப்போது திணிவை மாற்றுங்கள்

மண்டூருக்குப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஆற்றுக்கு அக்கரை ஏற்றிப்போகும் மிதவைப் படகு) போய்வந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆள் குறைந்த பாதை துறையை விட்டுச் சட்டென்று விலகும். மோட்டார் சைக்கிள்களும் நெல் மூட்டையும் ஏறிவிட்டால், அதே இயந்திரம் அதே சத்தத்தோடு இழுத்தும் மெல்ல மெல்லத்தான் வேகம் எடுக்கும். அக்கரையில் நிறுத்தவும் முன்கூட்டியே தயாராக வேண்டும். என் பிள்ளைகள் பாதி பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்வருகிறவர்கள். திணிவு என்றால் என்ன என்று நான் விளங்கப்படுத்தியதைவிடப் பாதையை நினைக்கச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

20 கிராமை மாறாமல் தொங்கவிடுங்கள். முதல் ஓட்டம் மொத்தம் 500 கிராமோடு. பிறகு ஒவ்வொரு சீனிப் பைக்கற்றாக ஏற்றி 1000, 1500, 2000 கிராம். வர வேண்டிய நேரங்கள் 1.75, 2.47, 3.03, 3.50 செக்கன். திணிவு நான்கு மடங்கானால் ஆர்முடுகல் காற்பங்கு, ஆகவே நேரம் இரட்டிப்பு.

பாரம் ஏற ஏற உராய்வும் ஏறும். சரிவின் இழுவையும் அதே அளவில் ஏறுவதால் நீங்கள் செய்த ஈடு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆனாலும் பெயரிங்கின் தடை பாரத்தோடு சரியாக அதே விகிதத்தில் மாறாது. ஒவ்வொரு பைக்கற்று ஏற்றிய பிறகும் நூலைக் கழற்றித் தட்டிவிட்டுப் பாருங்கள், தேவையானால் ஒரு தாள் கூட்டுங்கள். பைக்கற்றுகளை றபர் பட்டியால் கட்டுங்கள். ஓட்டத்தின் நடுவில் ஒன்று சரிந்து, சீனி முழுதும் பலகையில் கொட்டி, எறும்பு வந்து, அன்றைய வேலை அதோடு முடிந்தது எனக்கு.

வகுப்பில் இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். பாடவேளை இரண்டு சேர்ந்த நாளில் விசை, அடுத்த இரட்டைப் பாடவேளையில் திணிவு. ஈடுசெய்தலை நீங்கள் முதல்நாள் பின்னேரமே செய்து மேசைக் கால்கள் நிற்கும் இடத்தைச் சோக்கால் குறித்து வையுங்கள். வகுப்பில் ஒரு தரம் மட்டும் செய்து காட்டினால் போதும்.

9. வரைபில் பிழையைப் பிடியுங்கள்

விசையைக் கிடையச்சிலும் ஆர்முடுகலை நிலையச்சிலும் குறித்து நேர்கோடு வரையச் சொல்லுங்கள். உற்பத்திப் புள்ளியூடாக (இரண்டு அச்சும் சந்திக்கும் இடம்) வலிந்து வரைய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோடு எங்கே வெட்டுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கிடையச்சை வலப்பக்கத்தில் வெட்டினால், கொஞ்ச விசை உராய்வுக்குப் போகிறது, பலகை இன்னும் உயர வேண்டும். நிலையச்சை மேலே வெட்டினால், விசை இல்லாமலே ஆர்முடுகுகிறது, கூட உயர்த்திவிட்டீர்கள். உற்பத்தியூடாகத் தானாகவே போனால் ஈடுசெய்தல் சரி. அந்தக் கோட்டின் படித்திறன் (சாய்வு) 2 வர வேண்டும். அது 1 ஐ 0.5 கிலோகிராமால் வகுத்தது. தராசில் வைக்காமலே வண்டியும் பொட்டலங்களும் சேர்ந்த திணிவை வரைபிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று சொன்னபோது, பின்வரிசையில் எப்போதும் தூங்கி வழிகிற பையனே எழும்பி வந்து பார்த்தான்.

திணிவுக்கு வரையும்போது நேரே திணிவைக் குறித்தால் வளைகோடுதான் வரும். அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்றைத் திணிவால் வகுத்த பெறுமானத்தைக் கிடையச்சில் எடுங்கள், நேர்கோடு வரும்.

முதல்நாள் ஈடுசெய்யாமல் எடுத்த அளவீடுகள் உங்களிடமும் இருந்தால், எறியாமல் அதே வரைபுத்தாளில் வேறு நிறத்தில் குறிக்கச் செய்யுங்கள். நான் அப்படிச் செய்தேன். இரண்டு கோடும் ஏறத்தாழச் சமாந்தரமாக விழுந்தன. கேள்வி கேட்ட பிள்ளை இரண்டுக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்து, கிடையச்சில் 0.05 என்று வாசித்தாள். "இதுதானே டீச்சர் அண்டைக்குக் காணாமப் போனது?" என்றாள். ஓம் என்றேன்.

10. முடிந்த பின்

பெயரிங்குகளில் கிறீஸ் இல்லாததால் நம் உப்புக்காற்றுக்கு ஒரு மாதத்தில் துருவேறிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விட்டுச் சுழற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மெலமைன் பலகையின் வெட்டிய ஓரங்களில் ஈரம் பட்டால் ஊதிப்போகும். மாரி தொடங்குவதற்கு முன் பொலித்தீனில் சுற்றி, நிலத்தில் படாமல் அலுமாரிக்கு மேல் படுக்கையாக வையுங்கள். சாத்தி வைத்தால் வளைந்துவிடும். பொட்டலங்களில் திணிவை எழுதி ஒட்டுங்கள். வண்டி, கப்பி, பலகை மூன்றையும் இருப்புப் பதிவேட்டில் எழுதி அதிபரின் ஒப்பம் வாங்குங்கள். எழுதாத பொருள் நீங்கள் மாற்றலாகிப் போனால் யாருக்கும் உரியதல்லாமல் மூலையில் கிடக்கும். எழுதினால் உங்களுக்குப் பிறகு வருகிறவர் முதல் நாளே எடுத்து ஓடவிடலாம்.